பத்தாவது கற்பனை

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நீங்கள் எத்தனை வயதில் கற்பனை செய்யத் தொடங்கினீர்கள்?" என்று கேட்டாள். "செய்யத் தொடங்கியது எப்போது என்று தெரியாது அம்மா, சொல்லத் தொடங்கியது ஐந்து வயதில்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பழைய தமிழ் வேதத்தில் கடவுளின் கட்டளைக்குக் கற்பனை என்றுதான் பெயர். மோசே சீனாய் மலையில் பெற்றவை பத்துக் கற்பனைகள். 'கற்பனை சொல்லுடே' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், கதை கட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பிற்காலத்தில் நான் கதை எழுதிப் பிழைக்க வந்தபோது, அதே சொல் வேறு பொருளோடு என் தொழிலாயிற்று. முதல் பொருளில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதை இன்று சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தென்மேற்கே, தேரிக்காட்டை ஒட்டியது. அன்று திருநெல்வேலி ஜில்லா; 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம். செம்மணல், உடைமரம், பனை, நடுவே ஒரு கோவில். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் அமைந்துவிட்டது என்றாலும், என் சிறு வயதில் எங்கள் கோவிலில் பழைய ஆங்கிலேய ஜெபப் புத்தகத்தின் முறைதான் நடந்துவந்தது. மாதம் ஒரு முறை குருவானவர் வருவார், அன்று நற்கருணை. அவர் பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் சபையார் முழங்காலில் நின்று இரக்கம் கேட்பார்கள். பத்து முறை இரக்கம். கொலை செய்யக் கூடாது என்பதற்கும் என் ஆச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு இரக்கம் கேட்பாள். அவள் கோழியைக் கூட அறுக்க மாட்டாள். "ஆச்சி, நீ யாரைக் கொன்னே?" என்று நான் ஒரு நாள் கேட்டதற்கு, "ஒன் வயசுல அது தெரியாது, மக்கா" என்றாள்.

அந்தப் பத்தில் எங்கள் ஊரை நிஜமாகவே சிரமப்படுத்தியது ஒன்றுதான். நான்காவது, ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்க வேண்டும் என்பது. மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தலாம், ஏரை நிறுத்தலாம். பனையை நிறுத்த முடியுமா?

பனையேற்றம் தெரியாத வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பங்குனி முதல் ஆடி வரை பருவம். பனையேறி பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை அரிவாளால் தினமும் மெல்லிய சீவாகச் சீவ வேண்டும். சீவிய வாயிலிருந்து சொட்டுவதைக் கலயத்தில் பிடிக்க வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள். காலையில் ஏறி இறக்க வேண்டும், மாலையில் ஏறிச் சீவ வேண்டும். ஒருவருக்கு முப்பது, நாற்பது மரம். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார், தோளில் முருக்குத்தடி. ஏறி ஏறி நெஞ்சிலும் முன்கையிலும் காய்த்துப் போயிருக்கும். கீழே விடிலியில் பெண்கள் பனையோலையும் மட்டையும் எரித்துப் பதனீரைக் காய்ச்சுவார்கள். பொங்கி வழிந்தால் இரண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். பாகு இறுகும் பக்குவத்தில் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். அதுதான் கருப்பட்டி. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் வாய் காய்ந்துவிடும். மறுநாள் ஏறினால் பழைய ஊற்று இராது. சுண்ணாம்பும் எவ்வளவு நேரம்தான் காக்கும்? கலயத்தில் இருந்ததும் புளித்துப் போகும். மனிதனுக்கு ஏழாம் நாள் உண்டு, மரத்துக்கு இல்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறு காலை முதல் மணி அடித்த பின் திங்கள் விடியும்வரை யாரும் மரத்தில் கால் வைக்கக் கூடாது. மீறினால் கமிட்டி விசாரிக்கும். நஷ்டத்தைத் தாங்கக் கூடியவர்கள் தாங்கினார்கள். தாங்க முடியாதவர்களும் பெரும்பாலும் தாங்கினார்கள். அவர்கள் பக்தியைக் குறைத்துச் சொல்ல நான் துணியமாட்டேன். வாரத்தில் ஒரு நாள் வருமானத்தைக் கடவுளுக்காக மணலில் ஊற்றிய ஏழைகள் அவர்கள்.

1952-ஆம் வருஷம். எனக்குப் பத்து வயது. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மரத்தைப் பற்றிய கவலை இல்லாதவர். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, பாட்டத்துக்கு மரம் எடுத்து ஏறுகிறவர். பெரியப்பா மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஞாயிறு பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. அந்தப் பங்குனியில் பத்துக் கற்பனைகளையும் வசனம் தவறாமல் ஒப்பிக்கும் போட்டி வைத்தார்கள். பரிசு ஒரு சிறிய புதிய ஏற்பாடு. கறுப்புத் தோல் அட்டை. ஓரங்களில் சிவப்புச் சாயம். மூடி வைத்தால் தாள்களின் விளிம்பு குங்குமக் கட்டி போல இருக்கும். அந்தச் சிவப்பை நான் அதற்கு முன் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

வாத்தியார் மகனுக்குத்தான் பரிசு என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். ஒன்பது கற்பனைகளை ஆறு ஓடுவதுபோலச் சொன்னேன். பத்தாவது வந்தது. பிறனுக்கு உரிய எதையும் இச்சிக்கக் கூடாது என்பது அது. பிறனுடைய வீடு, மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி என்று ஒரு பட்டியல் போகும். கடைசியில் எருதும் கழுதையும் வரும். நான் கழுதையை முதலில் சொல்லி எருதைப் பிறகு சொன்னேன். உபதேசியார் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அண்ணன் எழுந்தான், எருதை முதலிலும் கழுதையைப் பிறகும் சொன்னான். புத்தகம் அவனுக்குப் போயிற்று.

அடுத்த சில வாரங்கள் நான் எப்படி இருந்தேன் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அவன் அதைக் கோவிலுக்குக் கொண்டுவருவான், மடியில் வைத்துக்கொள்வான், நான் பிரசங்கம் முழுவதும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. காட்டுப் பக்கம் போய்த் திரும்பியபோது, உடைமரங்களுக்கு அப்பால் ஒரு பனையிலிருந்து பெரியப்பா இறங்குவதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஓடி ஒளியவில்லை, அதட்டவும் இல்லை. அருகே வரச் சொன்னார். ஒரு பச்சைப் பனையோலையைப் பட்டையாக மடித்துக் குடுவையிலிருந்து பதனீரை ஊற்றி, "குடி மக்கா, வெயில்ல வந்திருக்க" என்றார். குடித்தேன். விடியற்காலைப் பதனீருக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. தொண்டையில் இறங்கி வயிற்றில் தங்கும். முழுப் பட்டையையும் குடித்தேன். "பெரியம்மைக்கு இன்னும் காய்ச்சல் விடல" என்று மட்டும் சொன்னார். வியாபாரியிடம் பருவத்துக்கு முன்பே வாங்கியிருந்த பணமும், பெரியம்மாவின் குளிர்காய்ச்சலுக்கு வைத்தியச் செலவும் எனக்குத் தெரியாதவை அல்ல. வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

அன்று ஞாயிறு பள்ளியில் பாடம் நான்காவது கற்பனை. "ஓய்வுநாளை மீறினது யாராவது உண்டா?" என்று உபதேசியார் பொதுவாகக் கேட்டார். ஒரு பையன் கிளித்தட்டு விளையாடியதை ஒப்புக்கொண்டான். ஒரு பெண் நெல் குத்தியதைச் சொன்னாள். அண்ணன் எனக்குப் பக்கத்தில் ஓலைப்பாயில் இருந்தான். புத்தகம் அவன் மடியில் இருந்தது. நான் எழுந்தேன். "எங்க பெரியப்பா இன்னைக்குப் பனை ஏறினாவ" என்றேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கமிட்டி கூடியது. பெரியப்பா எதையும் மறுக்கவில்லை. ஆறு மாதம் நற்கருணையிலிருந்து விலக்கு என்று தீர்மானித்தார்கள். அடுத்த மாதம் குருவானவர் வந்த அன்று அறிக்கைகளோடு சேர்த்து அதையும் வாசித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஆச்சியின் குரல், "பாவம்!" என்று மெதுவாகக் கேட்டது. தமிழில் இந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருள் அல்லவா? கடவுளுக்கு விரோதமாகச் செய்வதும் பாவம். இரங்கத்தக்கவனைப் பார்த்துச் சொல்வதும் பாவம். ஆச்சி எந்தப் பொருளில் சொன்னாள், யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

அந்தக் கமிட்டியில் ஒரு பெரியவருக்கு நூற்றுக்கணக்கான மரங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆட்கள் ஏறுவதில்லை. பக்கத்து ஊரிலிருந்து, நம் வேதத்தில் சேராதவர்கள் வந்து ஏறினார்கள். வேறு மதத்தான் ஏறினால் கற்பனை மீறப்படவில்லை என்பது ஊரார் கணக்கு. வேதத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும். வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், மாட்டுக்கும், வாசலுக்குள் இருக்கும் அந்நியனுக்கும் சேர்த்துத்தான் அந்த ஓய்வு விதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அவர் தம் ஆதாயத்துக்காக ஒரு கற்பனையை வளைத்தார். நான் என் பொறாமைக்காக ஒன்றை ஆயுதமாக்கினேன்.

பெரியப்பா ஆராதனைக்கு வருவதை நிறுத்தவில்லை. பின்வரிசையில் உட்காருவார். நற்கருணை தொடங்கும்போது எழுந்து வெளியே போய் வாசலிலிருந்த பூவரசமரத்தடியில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகு அவர் ஏறவே இல்லை. அடுத்த பருவம் பாதி மரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்றான். தகப்பனோடு விடிலிக்கும் பிறகு மரத்துக்கும் போனான். எல்லாம் என்னால் வந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு வகை அகந்தை. காய்ச்சலும் கடனும் இருந்தன. என்றாலும் அந்தக் கணக்கில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இதில் நான் மீறிய கற்பனை எது? பல வருஷங்கள் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஒன்பதாவது, பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூடாது என்கிறது. நான் சொன்னது உண்மை. நான் திருடவில்லை; கொல்லவில்லை; ஓய்வுநாளில் வேலை செய்யவில்லை. கேட்ட கேள்விக்கு ஓர் ஊழியக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். கீழ்ப்படிதல் என்றால் இதைவிட வேறென்ன?

1962-இல் கல்லூரியில் என்னோடு தங்கியிருந்த நண்பர் ஒருவர் லுத்தரன், தரங்கம்பாடிப் பக்கத்தவர். 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கிய கரை அது. ஒரு நாள் பேச்சில் ஓய்வுநாள் கற்பனையை அவர் மூன்றாவது என்றார். நான் நான்காவது என்றேன். சண்டை போட்டோம். பிறகுதான் தெரிந்தது, கத்தோலிக்கரும் லுத்தரன்களும் விக்கிரகம் பற்றிய கட்டளையை முதல் கட்டளையிலேயே அடக்கிவிட்டு, இச்சையைப் பற்றியதை இரண்டாகப் பிரித்து எண்ணுகிறார்கள். வேதத்தில் எண் போட்டுக் கொடுக்கவில்லை, எண்ணியவர்கள் மனிதர்கள். அந்த நண்பர்தான் 1529-இல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை எனக்குக் கொடுத்தார். பொய்ச்சாட்சியைப் பற்றி அங்கே லூத்தர் தரும் விளக்கம் என்னை நிறுத்திவிட்டது. பொய் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது என்கிறார் அவர். பிறனுக்காகப் பரிந்து பேச வேண்டும்; அவனைப் பற்றி நல்லது சொல்ல வேண்டும்; அவன் செய்த காரியத்துக்குக் கூடியமட்டும் நல்ல பொருளே கொள்ள வேண்டும். அப்படியானால், 'பெரியம்மைக்குக் காய்ச்சல்' என்ற செய்தியை விட்டுவிட்டு, 'பனை ஏறினாவ' என்பதை மட்டும் சொன்ன என் சாட்சி உண்மையாகவே இருந்தும் பழுதான சாட்சி.

அப்புறம் உபாகமம் ஐந்தாம் அதிகாரத்துக்குப் போனேன். பத்துக் கற்பனைகளும் அங்கே மறுபடியும் சொல்லப்படுகின்றன. ஆனால் ஓய்வுநாளுக்குக் காரணம் மாறுகிறது. யாத்திராகமத்தில் கடவுள் உலகைப் படைத்து ஓய்ந்திருந்தது காரணம். உபாகமத்திலோ, எகிப்தில் நீங்கள் அடிமைகளாக இருந்ததை மறவாதீர்கள் என்பது காரணம். முதுகு ஒடிய உழைத்தவர்களுக்கு மூச்சுவிடக் கொடுத்த நாள் அது. அந்த நாளை வைத்து, நாற்பது மரம் ஏறும் ஒருவரை நான் அடித்துவிட்டேன்.

கடைசியாகப் பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், பாவம் என்றால் என்னவென்று தமக்குத் தெரியவந்த விதத்தை அவர் விவரிக்கிறார். அதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது கொலையை அல்ல, களவை அல்ல, இச்சிப்பதைத் தடுக்கும் கற்பனையை. நன்றாக யோசித்தால் காரணம் விளங்குகிறது. திருடினால் பொருள் காணாமல் போகும், பனை ஏறினால் கண்டவன் இருப்பான், கமிட்டி விசாரிக்கலாம். இச்சைக்குச் சாட்சி கிடையாது. அதை விசாரிக்க எந்தக் கமிட்டியாலும் முடியாது. பத்துப் பேரில் கடைசியாக, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மற்ற ஒன்பது பேரையும் கவனிக்கும் கற்பனை அது. அதை மீறியவன் மற்ற ஒன்பதையும் சரியாகக் கைக்கொண்டபடியே பிறனுக்குத் தீங்கு செய்யலாம். ஒரு கற்பனையையும் மீறாதவன் என்று ஊர் அவனைப் புகழவும் செய்யும். கற்பனைகள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. எதற்காகக் கீழ்ப்படிகிறோம் என்று கேட்பதும் கற்பனைக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்கிறேன். நான் அதை ஒப்பிக்கும்போது தடுமாறியது நினைவின் பிழை. அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம்.

1979 மார்கழியில் பெரியப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கடிதம் வந்தது. போனேன். நார்க்கட்டிலில் கிடந்தார். உடம்பு வற்றியிருந்தது, நெஞ்சில் இருந்த காய்ப்பு மட்டும் வற்றவில்லை. அண்ணன் வைத்தியரிடம் போயிருந்த சமயம் பார்த்து ஆரம்பித்தேன்.

"பெரியப்பா, அன்னைக்கு உபதேசியார்ட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்லா. அவன் அன்னைக்கே வந்து சொல்லிட்டான்."

"என்னை மன்னிக்கணும்."

"எதுக்குடே? நான் ஏறினேன், நீ சொன்ன. பொய்யா சொன்ன? இதுல ஒனக்கு என்ன பாவம்?" மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆறு மாசமும் பூவரசடியில சும்மா நின்னேன்னா நினைச்ச? உள்ள ஐயர் வாசிக்கது சன்னல் வழியா கேக்கும். மணல்ல முட்டுப்போட்டு ஒவ்வொண்ணுக்கும் இரக்கம் கேட்டேன். பத்துக்கும்" என்றார்.

பத்துக்கும் என்று அவர் சொன்னபோது, அடுத்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும். 'பாவம் நான் சொன்னதில் இல்லை, பெரியப்பா. ஏன் சொன்னேன் என்பதில் இருக்கிறது. அண்ணன் மடியில் இருந்த அந்தச் சிவப்பு ஓரப் புத்தகத்துக்காகச் சொன்னேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உண்மை பேசியதற்காக வருந்துகிற நல்ல பிள்ளை என்று அவர் என்னை நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பை இழக்க எனக்கு மனமில்லை. பாவ அறிக்கை செய்யப் போன இடத்திலும் கௌரவமான பாதியை மட்டும் அறிக்கை செய்துவிட்டு எழுந்து வந்தேன். தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அண்ணன் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஊரில் ஒரு சிறிய பலசரக்குக் கடை. இப்போது பேரன் பார்த்துக்கொள்கிறான். அந்தப் புதிய ஏற்பாடு இன்னும் அவரிடம் இருக்கிறது, சிவப்பெல்லாம் மங்கிவிட்டது. எழுபது வருஷத்தில் ஒரு நாளும் நான் அதைக் கையில் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கண் சரியில்லாததால், நான் எழுதுவதை எல்லாம் பேரன் வாசிக்கக் கேட்கிறார் என்று சொல்கிறார்கள்.

இந்த இதழையும் அனுப்ப வேண்டும். வழக்கம்போலத் தபாலில் சேர்த்துவிடுவது எளிது. எளிது என்பதனாலேயே அப்படிச் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். பஸ்ஸைப் பிடித்து நானே கொண்டுபோய், திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேரனை உள்ளே அனுப்பிவிட்டு, நானே வாசித்துக் காட்ட வேண்டும்.